‘டக்’ என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை

லோடு வண்டி ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி: அத்தியாயம் 6

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்றால் அது சாவி சுவிட்ச், ஃபியூஸ் சமாச்சாரம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் சமாச்சாரம். இந்த அத்தியாயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டிக்கானது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும், அதோடு சரி. குட்டியானை, பொலேரோ பிக்கப், தோஸ்த் என 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எந்தச் சின்ன லோடு வண்டிக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு ஆறுதல். அந்த ‘டக்’ உங்களுக்குச் சாதகமான சத்தம். சாவி சுவிட்ச் வேலை செய்கிறது, ஃபியூஸ் போகவில்லை, செல்ஃபுக்கு ‘சுற்று’ என்ற உத்தரவு கிளம்பிவிட்டது என்பதை அது சொல்லிவிடுகிறது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு பேட்டரி விலை கொடுத்தேன். சில வருடங்களுக்கு முன்பு ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ‘டக்’. பக்கத்துக் கடையில் “பேட்டரி அவ்வளவுதாண்ணே” என்றார்கள். புது பேட்டரி மாட்டியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. மூன்றாவது வாரம் அதே ‘டக்’. இந்த முறை செல்ஃபைக் கழற்றச் சொன்னார்கள். கடைசியில் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார். வேலை முடிந்தது.

அப்படியென்றால் புது பேட்டரி மூன்று வாரம் எப்படி ஓட்டியது? பழைய பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தது. புதியது முழு பலத்தோடு அந்தத் துருவையும் மீறித் தள்ளியது. துரு வளர வளர அதுவும் தோற்றது. பேட்டரி மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்வதாலும் பல வண்டிகள் ‘சரியாகி’விடுகின்றன. பெயர் பேட்டரிக்கு, வேலை செய்தது சுரண்டல். ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி இதுதான்: காசில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள், பொருள் வாங்குவது கடைசி.

செல்ஃபுக்குள் என்ன நடக்கிறது

செல்ஃபுக்கு இரண்டு பாதைகளில் கரண்ட் போகிறது. ஒன்று சின்னப் பாதை: சாவி, ரிலே, அங்கிருந்து ஒரு மெல்லிய வயர் வழியாகச் செல்ஃபின் தலையில் இருக்கும் சோலினாய்டு. மற்றது பெரிய பாதை: பேட்டரியின் பாசிட்டிவ் முனை, விரல் தடிமன் கேபிள், சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள், செல்ஃப் மோட்டார், இன்ஜின் பிளாக், எர்த் பட்டை, மறுபடியும் பேட்டரியின் நெகட்டிவ் முனை.

சாவியைத் திருப்பியதும் சின்னப் பாதையில் வரும் கரண்ட் சோலினாய்டின் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. தண்டு இரண்டு வேலை செய்கிறது. பெண்டிக்ஸ் பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலின் ரிங் கியரில் கோர்க்கிறது. கோர்த்தபின் செம்புத் தொடுமுனைகளை இணைத்துப் பெரிய பாதையைத் திறந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் கனமான ‘டக்’ அந்தத் தண்டு போய் இடிக்கும் சத்தம். சின்னப் பாதை தன் வேலையை முடித்துவிட்டது. பெரிய பாதையில்தான் ஏதோ அடைப்பு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “லைட் பளிச்சுனு எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரியில குறை இல்ல” என்பார்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 10 ஆம்பியர். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் கேட்பது 300 ஆம்பியர் அளவில். டெர்மினலில் பூத்த உப்பால் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்கு இழப்பு 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கோ 3 வோல்ட் அங்கேயே போய்விடும். பாதி மண் மூடிய வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் தாராளமாகப் போகும்; மடையைத் திறந்துவிட்டால்தான் அடைப்பு தெரியும். எனவே இனி வரும் சோதனைகளில் முக்கியமானவை எல்லாம், சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் அந்த ஓரிரு விநாடியில் செய்ய வேண்டியவை.

இன்னொரு விஷயம். 1912 மாடல் கேடிலாக் காரில்தான் மின்சார செல்ஃப் முதன்முதலில் வழக்கமான சாதனமாக வந்தது. அதை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளில் பணம் வாங்கும் கல்லா இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்தவர். கல்லாவைத் திறக்கும் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. சில நொடி ஓடினால் போதும். அப்படியென்றால் சின்ன மோட்டாரிலேயே அதன் சக்திக்கு மீறிய வேலையைக் கொஞ்ச நேரம் வாங்கிவிடலாம். அதே கணக்குதான் இன்றைய செல்ஃபிலும். ஆகவே எந்தச் சோதனையிலும் சாவியை 10 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் பேட்டரி கோளாறோடு செல்ஃப் கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

கை வைக்கும் முன்

1. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ கொடுங்கள். கியரில் நிற்கும் வண்டியின் செல்ஃப் திடீரென்று எடுத்தால் முன்னால் நிற்பவர் மீது ஏறிவிடும்.

2. கையில் காப்பு, மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் காப்பு சிக்கினால் நொடியில் பழுத்துவிடும்.

3. பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

4. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிட்டு, ‘வெள்ளத்தில் நின்ற வண்டி’ என்ற பகுதியைப் படியுங்கள். சாவியைத் தொடாதீர்கள்.

சத்தத்தைக் கேளுங்கள், லைட்டைப் பாருங்கள்

ஹெட்லைட்டைப் போடுங்கள். எதிரே சுவர் இருந்தால் நல்லது. பகலாக இருந்தால் கேபின் விளக்கைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

‘டகடகடக’ என்று விடாமல் அடிக்கிறது, லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. வோல்டேஜ் பற்றவில்லை. தண்டு உள்ளே போய்த் தொடுமுனை சேர்ந்ததும் மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, தண்டைப் பிடித்து வைக்கப் பலமில்லாமல் அது திரும்புகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி உள்ளே போகிறது. பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம். படி 1, 2.

ஒரே ஒரு கனமான ‘டக்’, லைட் நன்றாக மங்குகிறது. கரண்ட் போகப் பார்க்கிறது, ஆனால் ஏதோ மடக்குகிறது. பேட்டரி மிகவும் தளர்ந்திருக்கலாம், டெர்மினலோ எர்த்தோ கெட்டிருக்கலாம், அல்லது செல்ஃபோ இன்ஜினோ இறுகியிருக்கலாம். எல்லாப் படிகளையும் வரிசையாகப் பாருங்கள்.

ஒரே ‘டக்’, லைட் மங்கவே இல்லை. பெரிய பாதையில் கரண்ட் போகவே இல்லை. சோலினாய்டின் தொடுமுனை கருகியிருக்கலாம், செல்ஃபின் கார்பன் தேய்ந்திருக்கலாம், எர்த் பட்டை அறுந்திருக்கலாம். படி 3, 4.

டேஷ்போர்டிலோ ஃபியூஸ் பெட்டியிலோ மெல்லிய ‘டிக்’ மட்டும். அது ரிலே. உத்தரவு சோலினாய்டை அடையவில்லை. செல்ஃபில் செருகியிருக்கும் மெல்லிய வயரின் முனை கழன்றிருக்கிறதா, பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் அதே மாதிரியான ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு உட்பட எல்லாமே அணைந்துவிடுகிறது. பெரும்பாலும் டெர்மினல் தளர்வு. படி 1 போதும்.

படி 1: டெர்மினல்

இரண்டு கிளாம்ப்பையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தாலே தளர்வு. இறுக்கிவிட்டு ஒருமுறை சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

அசையவில்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும். ஈய முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் கருப்பாக ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். மாட்டும்போது தலைகீழ்: முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவ் கழன்றுவிட்டால், பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றுங்கள், நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடித் துளைக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. உப்புத்தாளால் ஈய முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் பளிச்சென்று தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் நடுவில் தடவினால் நீங்களே ஒரு படலம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

படி 2: பேட்டரி

இதற்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். விலை மலிவான டிஜிட்டல் மீட்டரே போதும். டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும். 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவ் ஈயத்திலும் கருப்பை நெகட்டிவ் ஈயத்திலும் வையுங்கள். கிளாம்ப்பில் வைக்காதீர்கள். வண்டி சற்று முன்புதான் ஓடியது என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

12.6 வோல்ட் அல்லது மேல்: முழு சார்ஜ்.
12.4: முக்கால்.
12.2: பாதி.
12.0: கால்.
11.8க்குக் கீழே: காலி.

சார்ஜ் போட்டும் 10.5 அருகிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரியில் ஆறு செல்; ஒன்றுக்கு 2.1 வோல்ட், ஐந்து செல்லுக்கு 10.5. அந்த பேட்டரியை இனி சார்ஜ் போட்டுப் பயனில்லை.

இப்போது மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் இழுக்கும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 12.5 காட்டிக்கொண்டிருந்த பேட்டரி சாவி திருப்பியதும் 6, 7 என்று விழுந்தால் அநேகமாக பேட்டரி உள்ளே தேய்ந்துவிட்டது. இறுகிப்போன செல்ஃபும் இப்படி விழ வைக்கும் என்பதால், நல்ல பேட்டரியோடு ஜம்ப் போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சாவி திருப்பியும் 12க்கு மேலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அதனிடம் யாரும் கரண்ட் கேட்கவே இல்லை. அடைப்பு வேறு இடத்தில்.

படி 3: எர்த்தும் கேபிளும்

பாசிட்டிவ் கேபிளை எல்லோரும் பார்ப்பார்கள். எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. செல்ஃபுக்குள் போன 300 ஆம்பியரும் திரும்பி வர வேண்டியது எர்த் வழியாகத்தான். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு பின்னல் பட்டையோ தடித்த கேபிளோ இருக்கும். மீன் லோடு ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி இதுதான் முதலில் அரிக்கும்.

அளக்கும் முறை: கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தில், சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. அதேபோல் பாசிட்டிவ் பக்கம்: ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத்தில், மறுமுனை கேபிள் வந்து சேரும் சோலினாய்டு போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து நேராக இன்ஜினின் கனமான இரும்புப் பகுதிக்குக் கொடுத்துச் சாவியைத் திருப்புங்கள். உடனே எடுத்தால் கோளாறு எர்த் பட்டைதான். இன்னொரு அடையாளமும் உண்டு: சாவி திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாகிறது, புகைகிறது என்றால் எர்த் போய்விட்டது. திரும்பி வர வழியில்லாத கரண்ட் கிடைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

படி 4: சோலினாய்டும் செல்ஃபும்

பத்து முறை திருப்பினால் ஒன்பது முறை ‘டக்’, பத்தாவது முறை ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும். இப்படி நாள்கணக்கில் விளையாட்டுக் காட்டினால் சோலினாய்டின் செம்புத் தொடுமுனையைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அதில் பொறி பறந்து கொஞ்சம் கருகும். கடைகடையாக நிறுத்தி எடுத்து, ஒரு நாளில் முப்பது நாற்பது முறை செல்ஃப் அடிக்கும் டெலிவரி வண்டிக்கு இது சீக்கிரம் வரும்.

சோலினாய்டில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். ஒன்றில் பேட்டரி கேபிள் வரும். மற்றது மோட்டாருக்குள் போகும். இரண்டிலும் மீட்டர் முனையை வைத்துச் சாவியைத் திருப்பினால், ‘டக்’ கேட்டதும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் 12 அருகிலேயே நின்றால் தொடுமுனை சேரவில்லை. சோலினாய்டு மட்டும் மாற்றினால் போதும். பூஜ்யத்துக்கு இறங்கியும் மோட்டார் அசையவில்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். கார்பன் செட் தனியாகக் கிடைக்கும். முழு செல்ஃபை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கார்பன் தேய்ந்த செல்ஃபை, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் எடுத்துவிடும். இது வீடு போய்ச் சேர மட்டும். சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். இப்போது வரும் பல செல்ஃபுகளுக்குள் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது, அது உடைந்தால் செல்ஃபே போச்சு.

இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து வண்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செய்ய வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் உருகி ஒட்டிக்கொள்ளும். வண்டி கியரில் இருந்தால், அடியில் இருப்பவர் நீங்கள்.

படி 5: இறுகிப்போனதா?

பேட்டரி, கேபிள், எர்த் எல்லாம் சரி, லைட் மட்டும் ஒவ்வொரு முறையும் படுத்துவிடுகிறது. அப்போது சுற்ற வேண்டியதே சுற்ற மறுக்கிறது. முதலில் எளிய சந்தேகம்: பெண்டிக்ஸ் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம். சமதரையில், சாவியை அணைத்து, நான்காவது கியர் போட்டு, கட்டையை எடுத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். சிக்கு விடுபட்டால் ஒரு சின்ன சத்தம் கேட்கும். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விடுபடவில்லை என்றால், கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். டீசல் இன்ஜின் கம்ப்ரஷனால் கனமாக இருக்கும், ஆனால் சுற்றும். அசையவே இல்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். டைனமோவோ ஏசி கம்ப்ரசரோ இறுகியிருக்கலாம். அப்போதும் அசையாவிட்டால் மெக்கானிக் வரட்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நிற்கும். செல்ஃப் ‘டக்’ என்று நின்றுவிடும். அந்த நிலையில் ஜம்ப் போட்டோ, தள்ளியோ வண்டியை எடுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள். இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கேட்கப்போகிறீர்கள் என்றால் தண்ணீர் நின்ற மட்டத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இப்போதைக்குக் கிளம்ப

ஜம்ப் கொடுக்க இன்னொரு 12 வோல்ட் வண்டி வேண்டும். சந்தையில் பக்கத்தில் நிற்பது பெரிய லாரி என்றால் கேட்காதீர்கள்; அதில் இரண்டு பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட். உங்கள் வண்டியின் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஒரே நொடியில் போய்விடும். கேபிள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய வயரில் டீசல் வண்டி எடுக்காது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இணைக்கும் வரிசை:

1. சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில்.
2. சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கருப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கருப்பின் மறுமுனை உங்கள் இன்ஜினின் கனமான இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி.

கடைசி இணைப்பில் பொறி வரும். அது பேட்டரி பக்கத்தில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. உதவும் வண்டியை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள். எடுத்ததும் அதே வரிசையைத் தலைகீழாகக் கழற்றுங்கள்.

தள்ளி எடுப்பது பழைய வழி. லோடு இல்லாத வண்டியில், சமதரையில், சாவியை ஆனில் வைத்து, இரண்டாவது கியரில் கிளட்ச் மிதித்துத் தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விடலாம். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த வண்டிகளில் இன்ஜெக்டரைத் திறப்பதே இசியூதான். பேட்டரி அடியோடு காலி என்றால் இசியூ விழிக்காது; எத்தனை பேர் தள்ளினாலும் வீண். இறக்கத்தில் உருட்டி எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு பலம் இருக்காது, ஸ்டியரிங் கல்லாக இறுகும்.

எடுத்த பிறகு

வண்டி எடுத்ததும் மீட்டரை மறுபடி பேட்டரியில் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது. 13க்குக் கீழே என்றால் ஃபேன் பெல்ட் தளர்வா, டைனமோ வயர் கழன்றதா என்று பாருங்கள். 15க்கு மேல் என்றால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். டைனமோவைச் சோதிக்க, ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இசியூ உள்ள வண்டியில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

டைனமோவும் சரி, பேட்டரியும் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால், ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் குடிக்கிறது. நிறுத்தி, பூட்டி, சற்று நேரம் ஆன வண்டி 0.05 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. நேரடியாக பேட்டரியில் கொடுத்த பாட்டு செட், கேபினைச் சுற்றி ஒட்டிய எல்இடி பட்டை, ஜிபிஎஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 0.5 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் காலி; செல்ஃப் எடுக்காமல் போக இரண்டு மூன்று நாளே போதும். பிறகு போட்ட வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குடிப்பது யார் என்று தெரிந்துவிடும்.

மாதம் ஒருமுறை

டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு மூழ்கி, அதற்கு மேல் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் மாதம் இருமுறை பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கேன் தண்ணீர், போர் தண்ணீர் கூடாது, ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது. பேட்டரியை அசையாமல் பிடிக்கும் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். குலுங்கும் பேட்டரியில் தகடு உதிரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எர்த் பட்டையின் இரண்டு முனையையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்து முடியவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனிடம் போகத்தான் வேண்டும். போனதும் “செல்ஃப் எடுக்கலண்ணே” என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பேட்டரி 12.5 இருக்கு. சாவி திருப்பினா ஒரே டக். லைட் மங்கல. எர்த் பாத்துட்டேன், 0.1தான் காட்டுது. சோலினாய்டு ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல 12 நிக்குது.” இதைக் கேட்டவர் பேட்டரி பட்டியலை எடுக்க மாட்டார், நேராக ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சோலினாய்டுக்குப் போவார்.